முழங்கால் இடிக்கும் கார்

இந்த மாதமும் ஒரு கார்கூட விற்காவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் காலையிலேயே சொல்லிவிட்டார். அதனால், சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் பார்க்க வந்த தம்பதியைச் சேல்ஸ்மேன் தாங்கு தாங்கென்று தாங்கினான்.

"எதிர் ஷோரூம் கார் இன்னும் வேகமாமே தம்பி?" என்றார் கணவர்.

"ஆமா சார், வேகத்துல அதுதான் கெட்டி. ஆனா உள்ளே உட்கார்ந்தா எங்களுது ராஜபோகம். தோல் சீட்டு, வெளிச்சத்தம் கேட்கவே கேட்காது."

பின் சீட்டில் இருந்த மனைவி, "முழங்கால் இடிக்குதேப்பா" என்றார்.

பொய் சொல்ல அவனுக்கு நாக்கு புரளவில்லை. "இடிக்கும்மா. தூரப் பயணம் போறவங்கன்னா அந்தக் காரையே வாங்குங்க."

கணவர் சிரித்தார். "நாங்க கார் வாங்க வரலை தம்பி. பஸ்லதான் வந்தோம். எங்க பொண்ணு ஒருத்தரை விரும்புறா. அவருக்குப் பொய்யே வராதுன்னு சாதிக்கிறா. சேல்ஸ்மேனுக்குப் பொய் வராதான்னு பார்க்கத்தான் வந்தோம்."

அவன் மேலாளர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "சார், என் வேலை போயிடுமே."

"வேற வேலை தேடிக்கலாம் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்றவர், மனைவி வாசலுக்கு நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"சாப்பாடு எப்படின்னு அத்தை கேட்டா மட்டும் உண்மையைச் சொல்லிடாதீங்க."