காபூல் செடி

"இதுக்கு விதை ஏது?"

காக்கி அரை நிக்கரோடு அவரைப் பந்தலுக்குப் பின்னால் குந்தியிருந்த ஏட்டு அப்பாதுரை, இலையைத் தொட்டுப் பார்த்தபடி கேட்டார். காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டின் கடைசியில் இருந்த அந்த வீட்டுப் புழக்கடைக்கு அவர் தனியாகத்தான் வந்திருந்தார்.

வீட்டுக்காரர் கண்ணாயிரம் அவருக்குப் பின்னால் வந்து நின்றார். யார் காட்டிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. மறைக்கவும் வழியில்லை. மூன்று கஞ்சாச் செடிகளும் கண்ணெதிரே நின்றன.

"ஒரு பைராகிச் சாமி குடுத்தாரு ஏட்டய்யா. முந்தா வருசம் கருட சேவைக்கு வடக்கேருந்து வந்தவரு. ஜொரத்துல மண்டபத்துலயே கெடந்தாரு. எங்க வூட்டுக்காரிதான் பத்து நாளு கஞ்சி ஊத்தினா. போவும்போது துணியில முடிஞ்சி பத்து விதை குடுத்தாரு. இந்த வருசந்தான் போட்டேன், மூணுதான் பொழச்சுது."

"எந்த ஊரு விதை?"

"இமயமலைக்கும் அந்தாண்ட, காபூல் பக்கத்து மலையாம். நான் ஆற்காட்டுல சாயப் பட்டறையில இருந்தவன், உருது கொஞ்சம் வெளங்கும். அப்படித்தான் சொன்னாரு."

"நம்மூரு செடி ஆள் ஒசரம் போவுமே."

"இது இடுப்புக்கு மேல வளராதுங்க. எலையும் அகலம். மூணு மாசத்துல பூத்துடுது. பூவைத் தொட்டா பிசினாட்டம் ஒட்டிக்கும்."

அப்பாதுரை ஒரு பூவைக் கிள்ளி முகர்ந்தார். ஈர மண்ணும் சாம்பிராணியும் கலந்தது போலக் கனத்த வாசனை.

"யாருக்கு விக்கிற?"

"சத்தியமா விக்கலைங்க. எல்லாம் அவளுக்குத்தான்."

பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது. அதுவரை கேட்காத முனகல் அப்போது கேட்டது. வீட்டுக்குள் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அழும் சத்தம்.

"என் சம்சாரம் ஜெயம்மாங்க. கர்ப்பப் பையில புத்து நோய். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில கரண்டு வச்சிப் பாத்தாங்க. இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, வூட்டுக்கு இட்டுக்கினு போன்னுட்டாங்க. குடுத்த மாத்திரை எதுக்கும் வலி அடங்கல. சொவத்துல தலையை முட்டிக்கிறா."

"இதுக்கு அடங்குதா?"

"அடங்குதுங்க. மொதல்ல நம்மூரு சரக்கைக் குடுத்தேன். அது தலைக்கு ஏறிடுது. பயந்துக்கிறா, ஏதேதோ பேசறா. இது ஒடம்பைத்தான் புடிக்குது. கையும் காலும் பாரமாயி, முடிச்சு அவுந்தாப்பல தளந்து, அப்படியே தூங்கிடறா."

"எப்படிக் குடுக்கற?"

"பால்ல போட்டுக் காய்ச்சி. ஒரு சுண்டைக்காய் அளவுதான். அதுக்கு மேல தாங்காது."

"குடிச்சா எத்தினி நேரத்துல தூக்கம் வருது?"

"ஒரு மணி நேரம் ஆவும்."

"முழிச்சாச் சோறு துன்றாளா?"

"ரெண்டு வாய் துன்றா."

"ஆளு அடையாளம் தெரியுதா?"

கண்ணாயிரம் நிமிர்ந்து பார்த்தார். காக்கி போட்டவர் எவரும் இப்படிக் கேட்டு அவர் அறிந்ததில்லை. இந்த மனுசனுக்கு இரக்கம் இருக்கிறது என்று தோன்றியது. குரல் கொஞ்சம் தேறியது.

"நல்லாத் தெரியுதுங்க. நேத்து என்னைப் பாத்து, நீ துன்னியான்னு கேட்டா."

அப்பாதுரையின் பார்வை செடிகள் மேல் போயிற்று.

"ஒரு செடி எத்தினி நாளைக்கு வரும்?"

"ரெண்டு மாசம் தாங்குங்க."

அப்பாதுரை எழுந்தார். முதல் செடியை வேரோடு பிடுங்கினார். இரண்டாவதையும் பிடுங்கினார்.

கண்ணாயிரம் அவர் காலருகே உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணை மட்டும் விட்டுடுங்க சாமி. அவ இன்னும் ரொம்ப நாளு இருக்க மாட்டா. அவ போற அன்னிக்கே நானே இதைப் புடுங்கி எடுத்துக்கினு ஸ்டேஷனுக்கு வந்துடறேன். எத்தினி வருசம் போட்டாலும் உள்ள இருக்கறேன்."

மூன்றாவது செடியின் தண்டைப் பிடித்த கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து முனகல் மறுபடியும் வந்தது. அப்பாதுரை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இழுத்தார். மண் சிதறியது.

"காய வச்சது இருக்குதா?"

பொய் சொல்லியிருக்கலாம். கண்ணாயிரத்துக்கு அது தோன்றவில்லை. உள்ளே போய் ஒரு சின்னக் கலயத்தை எடுத்துவந்து நீட்டினார். அப்பாதுரை அதிலிருந்து ஒரு சுண்டைக்காய் அளவு கிள்ளிக் கண்ணாயிரத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னிக்குக் குடு."

"நாளைக்கு?"

அப்பாதுரை செடிகளையும் கலயத்தையும் ஒரு கோணியில் சுருட்டிச் சைக்கிள் கேரியரில் கட்டினார்.

"கேஸ் எழுதல. நீயும் யாருகிட்டயும் வாயைத் தொறக்காத."

கண்ணாயிரம் கும்பிட்டார். எதற்காகக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. தெரு முனையில் சைக்கிள் மறைந்தது. உள்ளேயிருந்து ஜெயம்மாள், "யாருய்யா அது?" என்றாள்.

"யாருமில்ல. நீ கண்ணை மூடிக்க. பால் காய்ச்சறேன்."

அப்பாதுரையின் சைக்கிள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கவில்லை. அதைத் தாண்டிப் போய், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சந்து வீட்டின் முன் நின்றது. கோணியைத் தூக்கிக்கொண்டு அவர் கதவைத் தள்ளினார். பாயில் சுருண்டு கிடந்த அவர் மனைவி சம்பூர்ணம், அலறல் வெளியே கேட்காமல் இருக்க வாயில் திணித்திருந்த துணியை எடுத்துவிட்டுக் கேட்டாள்:

"கெடச்சுதா?"