கஸ்பரைத் திரும்ப எடுக்க வந்தவள்

சட்டியை மேசை மேல் ‘டங்’கென்று வைத்தாள் கெர்லிண்டே. உள்ளே பழுப்பு நிறத்தில் காய்ந்த உருண்டைகள். கடையில் மூட்டை மூட்டையாக விற்கிற மலிவான நாய்த்தீனி.

"இது என்ன வோல்கர்?"

அவன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் சட்டிக்குப் பக்கத்திலேயே இருந்த தீனி மூட்டையையும் அவளே இழுத்து வந்து சமையலறை வாசலில் போட்டிருந்தாள்.

லியோன்பெர்கர் நாய்களை இருபத்திரண்டு வருடமாக வளர்த்து விற்கிறவள் கெர்லிண்டே. சிங்கத்தின் பிடரியும் கரடியின் உடம்புமாக வளரும் இனம். அவளிடம் குட்டி வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இரண்டு வயது வரை பச்சை மாமிசம்தான். இறைச்சி இவ்வளவு, எலும்பு இவ்வளவு, ஈரல் இவ்வளவு என்று எடை போட்டுத்தான் வைக்க வேண்டும். மீறினால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வாள்.

ஒரே ஒருமுறை, போகட்டும் என்று விட்டாள். கண்டதையும் தின்று ஊதிப் பெருத்த அந்தக் குட்டி, ஒன்றரை வயதில் இடுப்பு மூட்டு தேய்ந்து எழுந்திருக்க முடியாமல் போனது. கடைசி ஊசி போடும்போது அதன் தலை அவள் மடியில்தான் இருந்தது.

அதனால்தான், நேற்றுப் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்ததும் அவளுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. ‘வோல்கர் வீட்டில் கஸ்பருக்கு மூட்டைத் தீனிதான் போடுகிறார்கள்.’ ஒரே வரி. காலையில் காபிகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துவிட்டாள்.

"பத்து மாசக் குட்டி. எலும்பு கட்டற வயசு. உங்க கார்ல சமையல் எண்ணெய் ஊத்தி ஓட்டுவீங்களா?"

வேலைக்குப் போகிற அவசரத்தில் எடை போட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை என்று வோல்கர் முணுமுணுத்தான். அது அவள் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. நேரம் இல்லாதவர்கள் தொட்டியில் மீன் வளர்க்க வேண்டியதுதானே என்று கேட்டாள். குட்டியை வாங்க வந்த அன்று தன் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வோம் என்று அவன் சொன்னதையும் சொல்லிக் காட்டினாள்.

ஜூன் மாத வெயிலிலும் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி அன்னெக்ரெட். மூட்டையை அவள் அன்றுதான் பார்க்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஈஸ்டர்ல இருந்து நீதானே அவனுக்கு வைக்கிறே," என்றாள் கணவனிடம். "உன்னை நம்பித்தானே விட்டேன்."

தன்னைப் பற்றிய பேச்சு கேட்டதுபோல் கஸ்பர் உள்ளே வந்தான். ஐம்பது கிலோ உடம்பு. மேசை மேல் மூக்கை வைத்துச் சட்டியை முகர்ந்தான். கூழாங்கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அன்னெக்ரெட்டின் மடியில் தலையைச் சாய்த்து அவள் கையை நக்கத் தொடங்கினான். வோல்கர் விறுவிறுவென்று போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்து அவனை விலக்கினான்.

"பாருங்க, அவனுக்கே பிடிக்கல. பட்டினி போட்டுத்தான் தின்ன வச்சிருப்பீங்க," என்றாள் கெர்லிண்டே.

அன்னெக்ரெட் கெஞ்சினாள். இனிமேல் தானே இறைச்சி வெட்டி, தானே எடை போட்டு வைப்பதாகச் சொன்னாள். ஒரே ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். கெர்லிண்டேயின் மனம் லேசாக இளகியது. அவள் வாய் திறப்பதற்குள் வோல்கர் முந்திக்கொண்டான்.

"வேண்டாம். ஒப்பந்தம்னா ஒப்பந்தம். கூட்டிட்டுப் போகட்டும்."

அன்னெக்ரெட் அவனையே பார்த்தாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவனை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"இனிமே என்கிட்ட பேசாதே," என்று எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள்.

வண்டியின் பின்கதவைத் திறந்து இருவருமாகக் கஸ்பரை ஏற்றினார்கள். வழக்கமாகச் செய்வதுபோல் கெர்லிண்டே அவன் உதட்டை விலக்கிப் பற்களைப் பார்த்தாள். எலும்பு கடித்துத் தேய்த்த, பால் வெள்ளைப் பற்கள். விலாவைத் தடவினாள். ஒரு கைப்பிடி கொழுப்புகூட அதிகமில்லை. அவள் கை அப்படியே நின்றது.

"இவன் அந்தத் தீனியைத் தின்னதே இல்லையே?"

"ஒரு உருண்டைகூட இல்ல," என்றான் வோல்கர். "அந்தக் கடிதம் நான் எழுதினது."

கெர்லிண்டேவுக்கு மறுபடி கோபம் தலைக்கேறியது. யாரை முட்டாளாக்குகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தாள். அவன் படுக்கையறைச் சன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வியாழக்கிழமை அவளுக்குக் கீமோ ஆரம்பிக்குது. உடம்புல எதிர்ப்பு சக்தியே இருக்காதாம். பச்சை மாமிசம் புழங்கற வீட்ல, அதைத் தின்ன வாயால நக்கற நாயோட இருக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். சாப்பாட்டை மாத்தலாம்னா, எலும்பு கெட்டுடும்னு நீங்க சொன்னதை வேதவாக்கா பிடிச்சுக்கிட்டா. அவனை அனுப்பித்தான் ஆகணும்னா சிகிச்சையே வேண்டாம்னு கையெழுத்துப் போட உக்காந்துட்டா."

கெர்லிண்டே வண்டிக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"அவகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க வோல்கர். இல்லேன்னா இனி உங்க முகத்துலயே முழிக்க மாட்டா."

"முழிக்க வேண்டாம், கோவமாவே இருக்கட்டும்," என்றான் வோல்கர். "கோவப்படறதுக்கு அவ இருக்கணும்."