சொபீலா மிரே

தையற்காரி வகுப்பறைக்குள் காலெடுத்து வைத்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று, "சொபீலா மிரே!" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

அறை மாறி வந்துவிட்டோமோ என்று வெளியே போய்க் கதவுக்கு மேலிருந்த எண்ணைப் பார்த்தாள். சரியான அறைதான். மூன்றாவது வரிசையில் அவள் மகளும் நின்றிருந்தாள்.

பாதி தைத்த ரவிக்கையை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை. உடனே வாருங்கள், நேரில் சொல்கிறேன் என்று மட்டும்தான் ஆசிரியை போனில் சொல்லியிருந்தார். இந்த ஊருக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் இன்னொரு பள்ளிக்கூடம் தேட வேண்டுமா என்று வழியெல்லாம் மருகிக்கொண்டே வந்தாள்.

ஆசிரியையோ கல்யாண வீட்டுக்காரி மாதிரி முகம் மலர்ந்து அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய், கவிழ்த்து வைத்திருந்த ஒரு நீல வாளியின்மேல் உட்காரவைத்தார்.

"உங்க வழக்கப்படிதான். விருந்தாளிய நாற்காலியில உட்கார வச்சா உங்க ஆளுங்க கோவிச்சுக்குவாங்களாமே!"

தையற்காரி உட்கார்ந்தாள். வாளி முனகியது.

பிள்ளைகள் வரிசையாக வந்து அவள் முழங்கையைத் தங்கள் முழங்கையால் இடித்துவிட்டுப் போனார்கள். அதுவும் அவள் ஆட்களின் வழக்கம்தானாம்.

சுவரெல்லாம் சீட்டு ஒட்டியிருந்தது. ஜன்னலில் 'தோமிசா'. கதவில் 'கிர்ரபோ'. எண்களுக்குத் தனி அட்டை. ஏழு வரைக்கும் ஏழு சொற்கள், அதற்குமேல் எவ்வளவு இருந்தாலும் ஒரே சொல்.

கிர்ரபோ. அவள் வீட்டுக் குளியலறைக் கதவு ஏறக்குறைய அப்படித்தான் சத்தம் போடும்.

கதையை ஆசிரியையே மூச்சு விடாமல் சொன்னார். சேர்ந்த புதிதில் வாயே திறக்காத பிள்ளையைப் பார்த்து, இதற்கு நம் மொழி தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தாராம். ஒருநாள் ஜன்னலைக் காட்டி, உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டாராம். தோமிசா என்றதாம் பிள்ளை. அன்றைக்குப் பிடித்தது. இப்போது கணக்குப் பாடம்கூட அந்த மொழியில்தான் நடக்கிறதாம்.

வீட்டில் அவளும் மகளும் பேசுவது, அந்த அறையில் இருந்த எல்லாரும் பேசுகிற அதே மொழி. வேறு மொழி அவர்கள் பரம்பரைக்கே தெரியாது.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆய்வாளர் எழுந்து வந்தார். பிள்ளைகளின் வீட்டு மொழியையும் பண்பாட்டையும் வகுப்புக்குள் கொண்டுவந்தால் படிப்பு எப்படி ஏறுகிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. எத்தனையோ வகுப்புகளைப் பார்த்தாயிற்று, இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். எண்கள் ஏழோடு நின்றுபோவதை வைத்துப் பார்த்தால், மலைமேல் ஆடு மேய்த்தவர்களின் மொழியாக இருக்க வேண்டும் என்றார். அவள் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை மரியாதையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

தையற்காரி ஆட்டைக் கறிக்கடையில் மட்டுமே பார்த்தவள்.

அவள் மகளைத் தேடினாள். பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறி, அம்மாவையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள் மகள்.

"நீங்க உங்க பாஷையில ஏதாவது பேசுங்களேன், பிள்ளைங்க ஆசையா இருக்காங்க" என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினார் ஆய்வாளர்.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள்.

"மிரே" என்றாள். அப்புறம் கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசுகிற மாதிரி, "மிரே டக்கா!" என்றாள்.

வகுப்பு திகைத்தது. அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி மட்டும் பெரிய மனுஷி மாதிரி பக்கத்தில் வந்து, "ஆன்ட்டி, டக்கான்னா நாய்கிட்ட சொல்றது" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆய்வாளரின் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் களை. பிழைப்புக்காக ஊர் ஊராக அலைகிறவர்களுக்கு இப்படி ஆவது உண்டு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார்.

"எங்க பாஷைய இவ்வளவு நல்லாப் புரிஞ்சுக்கிறீங்களே, அதுவே பெரிசு. சனிக்கிழமைல பெத்தவங்களுக்கு வகுப்பு வைக்கிறோம். வந்தீங்கன்னா உங்க தாய்மொழிய முதல்லேர்ந்து கத்துக்கலாம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஒலோ, ஒலோ! மிரே தக்கூ!"

மகள் பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தாள். கழுத்து நரம்பு புடைக்க, அத்தனை பேருக்கும் முன்னால், அம்மாவைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

தையற்காரிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மொழியை இழந்தவர்களின் அழுகை இப்படித்தான் இருக்கும் என்று ஆய்வாளர் ஆசிரியைக்குத் தணிந்த குரலில் விளக்கினார். தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அவள் வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் மகளுக்கு ரேடியோ என்று பெயர். கண் விழித்ததிலிருந்து தூங்கும் வரை ஓயாது. வாசலைத் தாண்டினால் மட்டும் ஒரு சொல் வராது. இதற்கு முன் சேர்த்த பள்ளிக்கூடம் எதிலும், எந்த டீச்சரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை. ஊமைப் பிள்ளையை ஏன் இங்கே கொண்டுவந்து விட்டீர்கள் என்று கடைசிப் பள்ளியில் முகத்துக்கு நேராகவே கேட்டிருந்தார்கள்.

தையற்காரி கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாள்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்குங்க?"