இறங்க இடமில்லை

பல்கலைக்கழக நூலகத்தில் ஊழியர்களின் சம்பள நிலையை இப்போது கழுத்தில் தொங்கும் அட்டைதான் தீர்மானிக்கிறது. கடினமான கேள்விக்குப் பதில் சொன்னால் நிலை ஏறும். சுலபமானதற்குச் சொன்னால் இறங்கும். அதனால் புது மாணவர்களைக் கண்டதும் எல்லோரும் அலமாரிகளுக்குப் பின்னால் நழுவிவிடுவார்கள்.

வசந்தமாலை ஆறாம் நிலை. வளாகத்தில் வீடு கிடைத்ததே அதனால்தான்.

அன்று ஒரு பெண் நேராக அவள் மேசைக்கு வந்தாள்.

"மேடம், இங்க புத்தகம் எப்படித் தேடறது? மூணு நாளா கேக்குறேன், எல்லாரும் எழுந்து போயிடுறாங்க."

பக்கத்து மேசை அமல்ராஜ் 'வேண்டாம்' என்று கண்ணைக் காட்டினார். வசந்தமாலையும் எழுந்தாள். ஆனால் அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது.

"வாம்மா, காட்டுறேன்."

புத்தக முதுகில் ஒட்டிய எண்களை எப்படிப் படிப்பது என்று அலமாரி அலமாரியாகக் காட்டினாள். அட்டை அதிர்ந்தது, ஐந்தாம் நிலை. மறுநாள் அந்தப் பெண் விடுதித் தோழிகள் பதினோரு பேரை அழைத்து வந்தாள். அதற்கடுத்த நாள் வரிசையே நின்றது.

வசந்தமாலை கடைசிப் படியான முதல் நிலைக்கு இறங்கி, மாதக் கடைசியில் வீட்டையும் காலி செய்தாள். இப்போது இரண்டு பேருந்து மாறி வருகிறாள்.

"உங்களுக்கென்ன மேடம், இனிமே இறங்க இடமில்ல" என்றார் அமல்ராஜ். கேலியாகச் சொல்லவில்லை, அவர் மேசைக்கு ஒரு வாரமாகக் கடினமான கேள்வியோடுகூட யாருமே வரவில்லை.

"ஆமா சார்" என்று சிரித்துவிட்டு, வரிசையில் அடுத்து நின்றவனை வசந்தமாலை கூப்பிட்டாள்.