இடக்கைத் துப்பாக்கி

“பன்னிரண்டு வருஷமா ரெண்டாவது! இந்த வருஷம் முதலிடம் தானா வந்து மடியில உக்காருது. நீ என்னடான்னா இடக்கைக்காரன் ரைஃபிளை வாங்கிட்டு வந்து நிக்கிற!”

காலையிலிருந்து மூன்றாவது தடவையாக நொரீன் இதைச் சொன்னாள். ஒரு வார்த்தை மாறவில்லை.

அவள் புருஷன் ஹார்லன் வண்டியை ஓட்டியபடி “ம்” என்றான்.

“முப்பது வருஷமா வலது தோள்ல வெச்சுச் சுடறவன் நீ. ஆறேகால் அடி உசரம். தோள்ல முட்டுக்குடுக்கிற இந்தக் கட்டையைப் பாரு, உன் முழங்கை நீளம்கூட இல்ல. அடியில வேற குருவிக்குத் தண்ணி வெக்கிற மாதிரி ஒரு தட்டு! எதுக்கு அது?”

“புதுசா ஏதாவது பழகலாம்னுதான்.”

“வருஷக் கடைசிப் போட்டி அன்னிக்கா? திங்கட்கிழமை கடை திறந்ததும் திருப்பிக் குடுத்துடு. சொல்லிட்டேன்.”

அரிசோனா வெயில் கண்ணாடிக்கு வெளியே கொளுத்தியது. வண்டிக்குள் அதைவிட அதிகம்.

மூன்று துப்பாக்கிப் போட்டி. ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன், மூன்றும் ஒரே ஓட்டத்தில். ‘பீப்’ சத்தம் கேட்டதும் ஓடிக்கொண்டே சுட வேண்டும். சுட்டு முடித்த ரைஃபிள் தவறி வெடிக்காதபடி சேஃப்டி பொத்தானைப் போட்டு, பீப்பாய்க்குள் இறக்கிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். சேஃப்டி போட மறந்தவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

நேரக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ராய்ஸ். பன்னிரண்டு வருஷமும் முதலில் வந்தவன் அவன்தான். ஐந்தடி நாலங்குலம், அதில் முக்கால்வாசி வாய். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலது கை சுருண்டுவிட்டது. அதன்பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. யாரோ பரிதாபப்பட்டுச் சமைத்துக் கொண்டுபோன என்சிலாடாவை, கொடுத்தவர் கண்ணெதிரிலேயே நாய்க்குப் போட்டவன்.

“ஹார்லன், இடது கையால பல்லாவது தேய்ச்சுப் பாத்திருக்கியா?” என்றான் ராய்ஸ்.

கூட்டம் சிரித்தது. நொரீனுக்குக் காது சுட்டது.

‘பீப்.’

இருநூறு கஜத்தில் பத்து இரும்புத் தகடுகள் தொங்கின. ஹார்லன் தொட்டது நாலு. கட்டை குட்டையாக இருந்ததால் அவன் கட்டைவிரலே அவன் மூக்கைக் குத்தியது. பெரிய கை போய்ப் போய் அந்தத் தட்டில் இடித்தது. பிஸ்டலும் ஷாட்கனும் வழக்கம்போல் பறந்தன, ஆனால் ரைஃபிளில் கோட்டைவிட்டதை அவற்றால் மீட்க முடியுமா?

மாலை கணக்குப் பார்த்தபோது நாற்பத்திரண்டு பேரில் ஹார்லன் முப்பத்தொன்பதாவது. வருஷத்து முதலிடத்தை யூமாவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் தட்டிக்கொண்டு போனார். மகராசன், நன்றாக இருக்கட்டும்.

ஆளாளுக்குக் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ராய்ஸுக்கு மட்டும் பொறுக்கவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்தது பொங்கிவிட்டது.

“மண்ணாங்கட்டி! தோளை எங்க வெக்கிற, கன்னத்தை எங்க வெக்கிற? துப்பாக்கி மேல ஒரு தப்பும் இல்ல. உன் மேலதான். அதோட மானத்தை வாங்கிட்டியேடா!”

“இடது தோளுக்கு ஒத்து வராதுடா இது” என்றான் ஹார்லன். “யாருக்குமே வராது. உனக்கும் வராது, போ.”

“எனக்கா வராது?”

ராய்ஸ் நேரக் கருவியை நொரீன் கையில் திணித்தான். “அழுத்து. இவன் வாயை இன்னிக்கு மூடறேன்.”

அந்த வருஷம் ஒரு குண்டுகூடச் சுடாதவன், ரைஃபிளை வாங்கி இடது தோளில் சார்த்தினான். குண்டு நிறைத்து வைத்த மேகசின் ஒன்றை ஹார்லன் நீட்டினான். கூடாரம் பிரித்தவர்களின் கைகள் நின்றன.

நொரீன் அழுத்தினாள்.

முதல் குண்டு மண்ணைக் கிளப்பியது. யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

இரண்டாவது, டிங்.

மூன்றாவது, டிங். அப்புறம் எண்ண அவகாசமில்லை. இரும்பு ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிக்கொண்டே போனது. எதிர்மலை அதை வாங்கித் திருப்பிப் பாடியது. ஐஸ் பெட்டியைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான். பல் டாக்டர் தொப்பியைக் கழற்றினார். பத்தும் ஒலித்து ஓய்ந்ததும், ராய்ஸின் இடது கட்டைவிரல் பார்க்காமலே போய் சேஃப்டியைப் போட்டது. பொத்தான் அங்கேதான் இருந்தது.

அப்போதுதான் நொரீன் பார்த்தாள்.

அந்தக் குட்டைக் கட்டை ஐந்தடி நாலங்குலத் தோளுக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. குருவித் தட்டில், எதையும் பிடிக்க முடியாத அந்தச் சுருண்ட வலது கை, கூட்டில் முட்டை போல அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

நேரக் கருவியில் எண் தெரிந்தது. அவளுக்குத்தான் படிக்க முடியவில்லை.

பக்கத்தில் நின்றவனிடம் மெல்லக் கேட்டாள். “அவன் கையளவு எப்ப எடுத்த?”

ஹார்லன் மலையைப் பார்த்தபடியே சொன்னான். “ஆஸ்பத்திரியில. கை குலுக்கினப்ப.”

அங்கே ராய்ஸ் காலி மேகசினை முழங்கால்களுக்கிடையே இடுக்கி, ஒற்றைக் கையால் குண்டுகளை நிரப்ப ஆரம்பித்திருந்தான். அவனுக்கு உலகமே மறந்திருந்தது.

ஹார்லன் ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

“டேய், காட்டினது போதும்! என் துப்பாக்கியைத் திருப்பிக் குடுடா!”