சொல்லுங்க டாக்டர்

டாக்டர் தர்மிளா இப்படி ஒரு ஜோடியைப் பார்த்ததில்லை. சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று சொன்னபோதும், நோயாளி அப்பளசாமியும் கூட வந்த ஜெயகுமாரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடியோட குணமாக்க முடியாது அங்கிள். ஆனா அடக்கி வைக்கலாம். தினம் மாத்திரை மட்டும் சாப்பிடலாம். அதோட மூணு வாரத்துக்கு ஒருக்கா இங்க வந்து டிரிப்பும் ஏத்திக்கிட்டா இன்னும் நல்லது."

"மாத்திரை போதும் டாக்டர். ஒவ்வொரு தடவையும் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டு வருவா?" என்றார் அப்பளசாமி.

"டிரிப்பும் ஏத்திக்கச் சொல்லுங்க டாக்டர்," என்றார் ஜெயகுமார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

"அவர் வேலையைப் பார்க்கச் சொல்லுங்க டாக்டர்."

தர்மிளாவின் மேசை தபால் நிலையமாகிவிட்டது.

"அண்ணன் தம்பிக்குள்ள என்ன கோபம்? நேராவே பேசிக்கலாம்லா!"

"யாரு தம்பி? பீடோங்ல எனக்கு எதிர்க்கடைக்காரர்," என்றார் அப்பளசாமி. "கோயில் திருவிழாத் தகராறு. பதினெட்டு வருஷமா பேச்சு கிடையாது."

"அப்புறம் எப்படி ஒண்ணா வந்தீங்க?"

ஜெயகுமார் தொண்டையைச் செருமினார். "போன மாசம் மூணு நாளா எதிர்க்கடை திறக்கல. விசாரிச்சேன், சீக்குன்னாங்க. ஸ்கேனுக்குப் போற நாளெல்லாம் வாசல்ல காரை நிறுத்தி ஹார்ன் அடிப்பேன். ஏறிக்குவாரு. ஹார்ன் பேச்சுல சேராதுலா."

அப்பளசாமி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"டிரிப்புக்கே எழுதுங்க டாக்டர். ஆனா ஹார்னை மெதுவா அடிக்கச் சொல்லுங்க. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு."