திறக்காத லிங்க்

“படங்கள் எங்கம்மா?” என்று கட்டட ஆய்வு அதிகாரி கேட்டதும், இளம் பொறியாளர் அவருடைய கம்ப்யூட்டரில் தன் ரிப்போர்ட்டின் லிங்க்கை அழுத்தினாள்; திறக்கவில்லை. அவள் கம்பெனி கட்டிய பள்ளியின் தூணில் விரிசல்; இப்போது மேலே சிமென்ட் பூசி மறைத்தாகிவிட்டது. அதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி, வேறு நகல் இல்லை. நிரூபிக்காவிட்டால் நாளைக் காலை முன்னூறு பிள்ளைகள் அந்தக் கூரைக்குக் கீழே உட்காருவார்கள்.

“ரிப்போர்ட்லயே லிங்க் குடுத்திருந்தேன் சார்.”

“ஓசி சாஃப்ட்வேர்ல எழுதினா இப்படித்தான். என் கம்ப்யூட்டர்ல சேவ் பண்ணினதும் லிங்க் புட்டுக்கிச்சு,” என்று அவளுடைய மேனேஜர் சிரித்தார். “பட்டம் வாங்கினா போதுமாம்மா?”

அவள் லிங்க்கை மறுபடி அழுத்தினாள். மேனேஜரின் சாஃப்ட்வேர், சேவ் செய்தபோது, அவர் படங்களை மாற்றி வைத்திருந்த இடத்தின் முழு முகவரியையும் லிங்க்கில் எழுதி வைத்திருந்தது. திரையில் வந்த பிழைச் செய்தியை அதிகாரி உரக்கப் படித்தார்.

“‘மேனேஜர், மறைக்க வேண்டியவை, தூண் படங்கள். இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை.’”

அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“உங்க லேப்டாப்பைத் திறங்க மேனேஜர்.”